சிசிலி மலைக்கிராமத்தின் ஈமச்சேவை நிறுவனம் ஒன்று: வாடிக்கையாளரின் மதிப்புரை

சிசிலித் தீவின் உட்பகுதியில், மதோனியே மலைத்தொடரின் சரிவிலுள்ள சிறிய ஊர் ஒன்றில் 11 ஆண்டுகள் நான் பராமரித்துவந்த மூதாட்டி, சென்ற பிப்ரவரி மாதத்தில் தம் வீட்டுப் படுக்கையிலேயே காலமானார். அவருடைய ஒரே மகன் டூரினில் வசிக்கிறார். விமானமும் பேருந்தும் பிடித்து அவர் வந்துசேர மறுநாள் மதியம் ஆகிவிடும் என்பதால், ஈமச்சேவை நிறுவனத்தை அழைப்பது முதல் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது வரை எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே என்னிடம் ஒப்படைத்தார். முதியோரைப் பராமரிக்கும் 'பதாந்தே' வேலையில் இத்தாலியில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் எவருக்கும் இப்படி ஒரு நள்ளிரவு வரக்கூடும் என்பதால் இந்த மதிப்புரையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊரில் இருப்பவை இரண்டே நிறுவனங்கள். இரண்டும் பங்காளிகளுக்குச் சொந்தமானவை. நானோ இன்னும் அதே ஊரில்தான் ரொட்டி வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இரவு 2 மணிக்கு அழைத்தேன். 40 நிமிடங்களில் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவர் அறுபதைக் கடந்த மூத்த பணியாளர், ஊரார் எல்லோருக்கும் தெரிந்தவர். மற்றவர் உரிமையாளரின் மகன், கையில் டேப்லெட்டுடன் வந்திருந்தார். நான் பாராட்டப்போவதெல்லாம் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பெரியவரையே சேரும் என்பதையும், குறை சொல்லப்போவது பெரும்பாலும் அந்த டேப்லெட்டையும் அதில் இருந்த விலைப்பட்டியலையும் பற்றியது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, நோன்னாவின் (இத்தாலிய மொழியில் பாட்டி; மூதாட்டியை நான் அப்படித்தான் அழைப்பேன்) கால்மாட்டில் நின்று சிலுவை அடையாளம் இட்டுவிட்டு, ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். உயிர் வெளியேற வழி வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் அதை ஏற்கெனவே திறந்துவைத்து, அலமாரிக் கண்ணாடியின் மேல் படுக்கை விரிப்பு ஒன்றையும் போர்த்தியிருந்தார். அதற்குப் பிறகு பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இழுப்பறை எது?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஈமச்சேவைக்காரரை அந்த மலைப்பக்கத்தில் நான் நம்பமாட்டேன். அங்கே வயதான பெண்கள் பலர் தம் கடைசி உடையைத் தாமே தேர்ந்தெடுத்து, மடித்து, ஓர் இழுப்பறையில் வைத்திருப்பார்கள். நோன்னா தம்முடையதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே காட்டிவிட்டார். கோடைதோறும் அதை எடுத்து வெயிலில் உலர்த்தி, அந்துருண்டைகளை மாற்றி, பழையபடி மடித்துவைப்பது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. கறுப்புக் கம்பளி உடை, உறை பிரிக்காத காலுறை ஒரு ஜோடி, கணவர் வாங்கித் தந்த ஜெபமாலை, அடிப்பாகத்தில் ஒரு கீறல்கூட விழாத காலணிகள் ஆகியவை அதில் இருந்தன. நான் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தபோது, நிறுவனம் விற்கும் பளபளப்பான அங்கிகளின் படங்களை இளையவர் திரையில் எனக்குக் காட்டத் தொடங்கியிருந்தார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அவருடைய கையைக் கீழே இறக்கிவிட்டார்.

உடை மாற்றும் வேலையை என்னையும் பக்கத்து வீட்டு அம்மாளையும் செய்யவிட்டு, எங்களால் முடியாத இடத்தில் மட்டுமே அவர் கைகொடுத்தார். விறைக்கத் தொடங்கியிருந்த தோளில் உடையின் கை ஏற மறுத்தபோது, முன்புறம் தெரியாதபடி முதுகுத் தையலைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. கத்தரிக்கோலை வைப்பதற்கு முன் அவர் குனிந்து, "பெர்மெஸ்ஸோ, சிஞோரா" என்றார். பிறர் வீட்டு வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்பவர்கள் சொல்லும் சொல் அது. இதற்கெல்லாம் விலைப்பட்டியலில் 'உடலைத் தயார்செய்தல்' என்று ஒரே வரிதான் இருக்கிறது.

சட்ட நடைமுறைகளைப் பொறுத்தவரை நிறுவனத்தின் மீது சிறு குறையும் இல்லை. இத்தாலியில் இவற்றை நெறிப்படுத்துவது 1990ஆம் ஆண்டின் 285ஆம் எண் குடியரசுத் தலைவர் ஆணை. அதன்படி இறந்து 24 மணி நேரம் ஆவதற்குள் பெட்டியை மூடக் கூடாது. திடீர் மரணமாக இருந்தால் 48 மணி நேரம். அந்தக் காத்திருப்பு நேரத்தில், உயிரின் அறிகுறி ஏதேனும் தோன்றுமானால் அதற்குத் தடையாக எதுவும் இல்லாதபடி உடலை வைத்திருக்க வேண்டும் என்றும் ஆணை கூறுகிறது. படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இறப்பை 24 மணி நேரத்துக்குள் கொமூனே எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். மரணத்தை உறுதிசெய்யும் மருத்துவர் 15 மணி நேரத்துக்கு முன்பாகவோ 30 மணி நேரத்துக்குப் பின்பாகவோ அல்லாமல் இடைப்பட்ட நேரத்தில் வந்து பார்க்க வேண்டும். பிறகுதான் அடக்க அனுமதி கிடைக்கும். இவை அனைத்தையும் அவர்களே அலைந்து முடித்தார்கள். நான் எந்த அலுவலகத்தின் வாசலையும் மிதிக்கவில்லை.

அந்த 24 மணி நேரம் உடல் எங்கே இருப்பது என்பதில்தான் முதல் உரசல் வந்தது. இத்தாலியில் அண்மைக் காலமாகப் பெருகிவரும் 'காசா ஃபுனராரியா', அதாவது குளிரூட்டிய கூடங்களும் வாகன நிறுத்தமும் காப்பி இயந்திரமும் கொண்ட ஈமச்சடங்கு இல்லம், இவர்களுக்கும் பக்கத்து ஊரில் ஒன்று உண்டு. இளையவர் அங்கே கொண்டுபோவதே 'எல்லோருக்கும் வசதி' என்று மூன்று முறை சொன்னார். பலேர்மோ நகரின் நான்காம் மாடிக் குடியிருப்பு ஒன்றில், பெட்டி திரும்ப இடமில்லாத படிக்கட்டோடு வாழ்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வீட்டில் பிறந்து, இந்தத் தெருவைவிட்டு அதிகம் வெளியே போகாத ஒருவரைக் கடைசி இரவில் வேறு ஊருக்கு அனுப்பினால், மறுநாள் எந்த முகத்தோடு நான் தெருவில் நடப்பேன்? மறுத்தேன். அதன்பின் வற்புறுத்தவில்லை என்பதையும், முன்னறையைச் சீராக ஒழுங்குசெய்து தந்தார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். கால்கள் வாசலை நோக்கி இருக்கும்படி பெட்டியை வைத்து, நான்கு மூலைகளிலும் விளக்குத் தண்டுகளை நிறுத்தி, வாசலருகே ஒரு சிறு மேசையில் வருவோர் கையெழுத்திடும் பதிவேட்டை வைத்தார்கள். விளக்குகள் மட்டும் மின்கலத்தில் எரியும் பொய்ச்சுடர்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அவற்றில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இரண்டு உண்மையான மெழுகுவர்த்திகளைக் கொண்டுவந்தார்.

நிறுவனத்தின் பெரிய பிழை சுவரொட்டியில் நேர்ந்தது. தெற்கு இத்தாலியின் சிற்றூர்களில் ஒருவர் இறந்தால் கறுப்பு எல்லைக்கோடு போட்ட சுவரொட்டிகள் அச்சாகி, சில மணி நேரத்தில் ஊர் முழுவதும் ஒட்டப்படும். யார் இறந்தார், எத்தனை வயது, எந்த உறவினர்கள் துயரத்துடன் அறிவிக்கிறார்கள், திருப்பலி எந்த ஆலயத்தில் எத்தனை மணிக்கு என்ற விவரங்கள் அதில் இருக்கும். கைப்பேசி எவ்வளவு பெருகினாலும், காலையில் ரொட்டி வாங்கப் போகிறவர்கள் சுவரைப் படித்த பிறகுதான் ஒருவர் அந்த ஊரில் உண்மையாகவே இறந்தவர் ஆகிறார். சிசிலியில் இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் பெயர்களையே வைத்துவந்த வழக்கத்தால், ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்டவர்கள் சிறிய ஊரிலேயே பலர் இருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது 'ஞ்சூரியா' என்ற பட்டப்பெயர்தான். நோன்னாவின் தாத்தா அடுப்புக்கரி விற்றவர் என்பதால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு பட்டப்பெயர் நான்கு தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தபால்காரர்கூட அதைச் சொல்லித்தான் வீடு கேட்பார்.

அடையாள அட்டையில் உள்ளபடி பெயரைத் தட்டச்சு செய்த இளையவர் அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டார். 'கௌரவமாக இருக்காது' என்று நினைத்ததாகப் பின்னர் சொன்னார். காலை 8 மணிக்குச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. 9 மணிக்குள், மேல் தெருவில் அதே பெயருடன் நலமாக வாழ்ந்துகொண்டிருக்கும் வேறொரு பெண்மணியின் வீட்டுக்கு இரண்டு பேர் துக்கம் விசாரிக்கப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தவர் அந்தப் பெண்மணியேதானாம். எங்கள் வாசலிலோ பதினொரு மணி வரை உறவினர்களைத் தவிர யாரும் இல்லை. பெரியவர் நிலைமையைக் கேள்விப்பட்டதும் தாமே அச்சகத்துக்குப் போய்ப் பட்டப்பெயரைச் சேர்த்துப் புதிய சுவரொட்டிகளை அச்சிட்டு வந்து, பழையவற்றின் மேலேயே ஒட்டினார். பிற்பகலில் முன்னறையில் நாற்காலிகள் போதவில்லை. இரண்டாம் அச்சுக்குக் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் மன்னிப்பும் கேட்கவில்லை, மேல் தெருப் பெண்மணியிடமும்கூட.

அன்றிரவு விழித்திருந்தோம். பெண்கள் பெட்டியைச் சுற்றி அமர்ந்து ஜெபமாலை சொல்ல, ஆண்கள் வாசலுக்கு வெளியே குளிரில் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒப்பாரியை அங்கே 'ரேபிட்டு' என்பார்கள்; கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்கள் இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. சிசிலிக்கு வடகிழக்கே லூக்கானியாவின் ஊர்களில் இத்தகைய ஒப்பாரிகளை மானுடவியலாளர் எர்னெஸ்தோ தெ மார்த்தினோவும் இசையாய்வாளர் தியேகோ கார்ப்பித்தெல்லாவும் 1952இல் ஒலிப்பதிவு செய்தார்கள். இன்றைக்கு எஞ்சியிருப்பது, எண்பதைக் கடந்த ஓரிருவர் தம்மையறியாமல் இறந்தவரோடு பேசத் தொடங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். நோன்னாவின் இளவயதுத் தோழி ஒருவர் நள்ளிரவுக்குமேல் வந்து, பெட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, இருவரும் கழுதைமேல் ஏறி ஆலிவ் பறிக்கப் போனதிலிருந்து தொடங்கி, பாட்டும் பேச்சுமல்லாத ஓர் இழுவையில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் பெயரைச் சொல்லி அழைத்தார். எனக்கு மொழி பாதிதான் புரிந்தது. முறை முழுவதும் புரிந்தது. அந்த நேரத்தில் மூலையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து, நிறுவனத்தின் சேவைத் தொகுப்பில் அடங்கிய 'அமைதி இசை' திடீரென்று தானாக ஒலிக்கத் தொடங்கியது. பெரியவர் எழுந்துபோய் அதன் மின்கம்பியையே பிடுங்கிவிட்டார். இரவு முழுவதும் அங்கே இருந்ததற்கு அவர் தனிக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிசிலிய மொழியில் அது 'தப்பூத்து'. அரபியர் ஆட்சி அங்கே விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று. மண்ணில் புதைப்பதானால் மரப்பெட்டி மட்டும் போதும், பத்தாண்டுகள் கழித்து எலும்புகளைத் தோண்டியெடுத்துவிடுவார்கள். சுவரறையான 'லோக்குலோ'வில் வைப்பதானால் சட்டப்படி இரட்டைப் பெட்டி வேண்டும்: மரம் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், துத்தநாகத் தகடு 0.660 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நோன்னாவின் இடம் கணவருக்குப் பக்கத்துச் சுவரறையில் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கப்பட்டிருந்தது. இளையவர் வால்நட் மரத்தில் செதுக்கு வேலை செய்த பெட்டியைப் பரிந்துரைத்தார்; நான் சாதாரணச் செஸ்நட் மரப்பெட்டியை எடுத்தேன். சில மணி நேரத்தில் பளிங்குப் பலகைக்குப் பின்னால் போய்விடும் பொருளில் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

துத்தநாக மூடியைப் பற்றவைக்கும் நேரம் மிகக் கடினமானது, அதற்கு யாரும் முன்கூட்டியே நம்மைத் தயார்செய்வதில்லை. மகன் குனிந்து நெற்றியில் முத்தமிட்டு விலகிய பிறகு, தகட்டை வைத்து, எரிவாயுச் சுடரில் காய்ச்சிய கருவியால் ஈயத்தை உருக்கி விளிம்பு நெடுகப் பற்றுவைத்தார்கள். அந்தச் சீறலும், உருகும் உலோகத்தின் நெடியும் படுக்கையறை வரை பரவின. வேறு நிறுவனங்களில் குடும்பத்தினரை அந்த நேரத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே பெரியவர், இருக்க விரும்புகிறவர்கள் இருக்கலாம், ஆனால் இன்னின்ன சத்தமும் வாசனையும் வரும் என்று முதலிலேயே விளக்கினார். மகன் வெளியே போனார். நான் இருந்தேன்.

ஊர்வலத்தில் குறிப்பிட அதிகம் இல்லை. ஆலய மணி, இறந்தவர் பெண்ணானால் அடிக்கும் முறையில் அடித்தது. கடைக்காரர்கள் கதவுத் தகட்டைப் பாதி இறக்கி நின்றார்கள். திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் மகன் நிற்க, ஊரே வரிசையில் வந்து இரு கன்னங்களிலும் முத்தமிட்டுப் போனது. அமரர் ஊர்தியை இளையவர் காப்பிக்கடை வாசலில் நிறுத்தியது மட்டும் பொருத்தமில்லாத செயல். உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் அனைவரும் திருஷ்டி கழிக்கச் சாவிக்கொத்தையும் மேசைக் காலையும் அவசரமாகத் தேடினார்கள். கெட்ட சகுனத்தைக் கண்டால் இரும்பைத் தொடுவது அந்நாட்டு வழக்கம். கல்லறைத் தோட்டத்தின் வாயிலிலிருந்து நோன்னாவின் கணவர் உறுப்பினராக இருந்த பக்தசபையின் ஆட்கள், வெள்ளை அங்கி அணிந்து, பெட்டியைத் தோளில் சுமந்து சென்றார்கள். சுவரறையைச் செங்கல்லும் காரையும் வைத்துக் கொத்தனார் அடைத்து முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. துக்கவீட்டில் உலை வைக்காமல் பிறர் உணவு கொண்டுவரும் முறை நமக்கும் புதிதல்ல. அங்கே அதற்குக் 'கூன்சுலு', அதாவது ஆறுதல், என்று பெயர். முதல் வேளையை யார் கொண்டுவருவது, அடுத்த வேளை யாருடையது என்பது அக்கம்பக்கத்துப் பெண்களிடையே வாய்விட்டுப் பேசாமலேயே முடிவாகிவிடும். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் கோழிச் சாறும், அதில் போட்ட பொடிப் பாஸ்தாவும், வேகவைத்த இறைச்சியும், ரொட்டியும், குடுவையில் காப்பியுமாக ஒரு கூடையை வெள்ளைத் துணியால் மூடிக் கொண்டுவந்தார். அதே நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது: பிளாஸ்டிக் உறையிட்ட தட்டுகளில் குளிர்ந்த பலகாரங்கள், நிறுவனத்தின் முத்திரையோடு, 'ஆறுதல் உணவுத் தொகுப்பு' என்ற பெயரில். 12 பேருக்கு 180 யூரோ. நான் அதைக் கேட்கவில்லை. டேப்லெட்டில் கையெழுத்திட்ட ஏதோ ஒரு பக்கத்தில் அது முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்ததாம். அம்மாளின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். கூடையைக் கீழே வைக்காமல் வாசலிலேயே நின்றார். மகன் வண்டிக்காரரிடம் தட்டுகளைத் திருப்பி எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, கூடையைத் தம் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். இந்த நிறுவனத்திடம் நான் மன்னிக்க முடியாததாகக் கருதுவது இதை ஒன்றைத்தான். சுவரொட்டியில் நேர்ந்தது அறியாமை. இது, ஊராருடைய கடமையை அவர்களுக்கே விலைக்கு விற்க முயன்றது.

கட்டணம் மொத்தம் 3,150 யூரோ என்று ரசீது வந்தது. அதில் உணவுத் தொகுப்பும், பக்தசபையினர் இலவசமாகச் சுமந்த பெட்டிக்கு 'நான்கு சுமப்பவர்கள்' என்ற வரியும் இருந்தன. மகன் கேட்டதும் இரண்டையும் நீக்கிவிட்டார்கள். கேட்காமல் இருந்தால் நீக்கியிருக்கமாட்டார்கள். ஒரு பகுதியை ரொக்கமாகத் தந்தால் விலை குறையும் என்றும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். இத்தாலியில் ஈமச்செலவில் ஒரு மரணத்துக்கு 1,550 யூரோ வரையிலான தொகையில் 19 சதவீதத்தை, அதாவது அதிகபட்சம் 294.50 யூரோவை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 2020 முதல் வங்கி வழியாகவோ அட்டையிலோ செலுத்தியிருந்தால் மட்டுமே அந்தச் சலுகை கிடைக்கும். டேப்லெட்டில் கையெழுத்துக் கேட்டால், விடிந்த பிறகு காகிதத்தில் தாருங்கள் என்று சொல்லுங்கள். 30ஆம் நாள் திருப்பலிக்கான சுவரொட்டியையும் இவர்களிடமே கொடுத்தோம். பட்டப்பெயரோடு, சரியாக அச்சிட்டார்கள். கல்லறையில் மலர் வைத்துப் பராமரிக்க ஆண்டுச் சந்தா ஒன்றையும் நீட்டினார்கள். நடந்துபோகும் தூரத்தில் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நட்சத்திரம் தர வேண்டுமென்றால் ஐந்துக்கு மூன்று. பெரியவர் பணி ஓய்வு பெற்றுவிட்டாரா என்று கேட்டுவிட்டு, பிறகு அழையுங்கள்.

கடைசியாக ஒரு சிறு பொருள். சிசிலியில் துக்கம் நேர்ந்த வீட்டுக் கதவில், 'என் தாய்க்காக', 'என் கணவருக்காக' என்று அச்சிட்ட கறுப்பு எல்லையிட்ட காகிதப் பட்டையை ஒட்டுவார்கள். அது வெளுத்துக் கிழிந்து தானாக உதிரும்வரை யாரும் அகற்றமாட்டார்கள். மகனுக்கான பட்டையை ஒட்டிவிட்டு இறங்கிய பெரியவர், பின்கட்டில் நான் தங்கியிருந்த அறைக்குத் தனிக் கதவு இருப்பதைக் கவனித்து, எனக்கு எது வேண்டும் என்று கேட்டார். அவரிடம் இருந்த பட்டைகள் தாய், தந்தை, கணவர், மனைவி, சகோதரர், சகோதரி என்று வகைவகையாக இருந்தன; எதுவும் எனக்குப் பொருந்தவில்லை. மறுநாள் அச்சகத்தில் ஒரே ஒரு பட்டையைத் தனியாக அடித்து எடுத்துவந்தார்: 'என் நோன்னாவுக்காக'. ரசீதை இரண்டு முறை பார்த்தேன், அதில் அது இல்லை. பசை மட்டும் தரமானதல்ல; மார்ச் மாதத்து முதல் மழையிலேயே ஒரு முனை பெயர்ந்துவிட, மைதா மாவைக் காய்ச்சி நானே மறுபடி ஒட்டினேன்.